குழந்தைக்கு எடைப் பயிற்சி தொடங்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

பிள்ளை "எனக்கும் டம்பெல் வேணும்" என்று கேட்டால் பெரியவர்களிடமிருந்து இரண்டு மாதிரி பதில் வரும். ஒருவர் "தொடாதே, உயரமே வளராது" என்பார். இன்னொருவர் ஒரு பொடியன் பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டிய நீளக் கம்பி) தூக்கும் வீடியோவைக் காட்டி "இவனைப் பார், நீயும் தூக்கு" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில், நாளைக்கு மாலை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என் பிள்ளைகளுக்காக அங்கே இங்கே விசாரித்து, படித்து, பல பயிற்சியாளர்களிடம் பேசித்தான் ஒரு வரிசை பிடிபட்டது. அதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

உயரம் பற்றிய பயத்தை முதலில் முடித்துவிடுவோம். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளுக்கு அருகில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. அது அடிபடக்கூடியது என்பது உண்மை. ஆனால் முறையாகச் சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் ஆள் நின்று செய்யவைக்கும் பயிற்சியால் உயரம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் தாங்க முடியாத எடையைத் தூக்கிப் பார்த்ததும், தவறான முறையில் தூக்கியதும்தான் அந்தக் காயங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இருந்திருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையும் மேற்பார்வையோடு செய்யும் வலிமைப் பயிற்சியைப் பாதுகாப்பானது என்றே சொல்கிறது. அதே 2020-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரைப்படி, 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் அசைவுகள் இருக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் ஏற்பாடு செய்யப்போவது முக்கியமாகக் கருவிகளை இல்லை, பக்கத்தில் நின்று பார்க்கும் ஒரு ஜோடிக் கண்களை. கீழே வரும் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

1. வயதைக் கேட்காதீர்கள், ஆளைப் பாருங்கள்

பொதுவாக 7, 8 வயதில் தொடங்கலாம் என்பார்கள். உடம்பைச் சமநிலையில் நிறுத்துவதும், சொன்னதைக் கேட்டு அப்படியே செய்வதும் அந்த வயதில்தான் கைகூடும். ஆனால் அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. நான் பார்ப்பது மூன்று விஷயம். "நிறுத்து" என்றதும் நிறுத்துகிறதா? இரண்டு படிகள் உள்ள ஒரு வேலையைச் சொன்னால் நினைவில் வைத்துச் செய்கிறதா? இது பிள்ளையின் ஆசையா, உங்கள் ஆசையா?

மூன்றாவதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு விருப்பம் இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. இதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏறுவது, தொங்குவது, தவழ்வது, குதிப்பது, இழுப்பது போதும். அதுவே அவர்களுக்கு வலிமைப் பயிற்சிதான்.

2. மருத்துவரிடம் ஒரு முறை

ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரிய பரிசோதனைப் பட்டியல் எதுவும் தேவைப்படாது. வழக்கமான சோதனைக்குப் போகும்போதே "எடைப் பயிற்சி தொடங்கலாமா?" என்று கேட்டுவிட்டால் தனிச் செலவும் இல்லை.

ஆனால் சில நிலைகளில் மருத்துவரின் அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது: பிறவி இதயக் கோளாறு, இதயத் தசை தடிப்பது, நுரையீரல் ரத்தக் குழாயில் அதிக அழுத்தம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு, மார்ஃபான் நோய் (உடலின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் மரபுக் கோளாறு), புற்றுநோய்க்கு எடுத்த சிகிச்சை, சமீபத்திய எலும்பு முறிவு அல்லது அறுவை சிகிச்சை. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். விளையாடும்போது பிள்ளைக்கு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால் பயிற்சி பெரும்பாலும் தடைப்படாது. ஆனால் இன்ஹேலர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பழைய மருத்துவச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயர்கள், ஒவ்வாமை விவரம். பல பயிற்சி மையங்கள் உடல்தகுதிச் சான்று கேட்கும், சிலது தங்கள் படிவத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். எனவே முதலில் மையத்தில் படிவத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் மருத்துவரிடம் போங்கள். வரிசையை மாற்றினால் ஒரே கையெழுத்துக்கு இரண்டு தடவை அலைய வேண்டியிருக்கும், கட்டணமும் இரண்டு தடவை.

3. யார் சொல்லிக்கொடுப்பது?

உடல் எடையை மட்டும் வைத்துச் செய்யும் பயிற்சிகளை நீங்களே கற்றுக்கொண்டு சொல்லிக்கொடுக்கலாம். பார்பெல் பக்கம் போவதாக இருந்தால் பயிற்சியாளர் வேண்டும். உங்களுக்கே பல வருடம் ஜிம் பழக்கம் இருந்தாலும், சொல்லிக்கொடுப்பது வேறு வேலை என்பதை மறக்க வேண்டாம்.

பயிற்சியாளரிடம் பார்க்க வேண்டிய ஆவணங்கள்: பயிற்சித் தகுதிச் சான்றிதழ், முதலுதவி மற்றும் சிபிஆர் (இதயம் நின்றால் மார்பை அழுத்திக் காப்பாற்றும் முறை) சான்றிதழ், பிள்ளைகளோடு வேலை செய்வதற்குப் பின்னணிச் சரிபார்ப்பு நடைமுறையில் உள்ள இடமென்றால் அதன் நகல். முதலுதவிச் சான்றிதழில் காலாவதித் தேதி ஒரு மூலையில் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களில் முடிந்துபோனவையும் இருக்கும்.

அப்புறம் சில கேள்விகள். "முதல் மாதம் என்ன செய்யவைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் கிலோக் கணக்கு வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். "எவ்வளவு தூக்குவான் என்று சோதித்துப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். புதிதாக வரும் பிள்ளைக்கு அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். "ஒரு வகுப்பில் எத்தனை பேர்?" ஒரு பயிற்சியாளருக்கு 10 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது, தொடக்கத்தில் அதைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. "நான் உட்கார்ந்து பார்க்கலாமா?" இதற்குத் தயங்குகிற இடம் எதுவானாலும் வேண்டாம். தோளையோ இடுப்பையோ தொட்டுத் திருத்துவதற்கு முன் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பதையும் முதல் நாளே பேசி வையுங்கள். பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: காயம் ஏற்பட்டால் யார் பொறுப்பு, பிள்ளையின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா, பாதியில் நிறுத்தினால் பணம் திரும்ப வருமா. படத்துக்கான அனுமதியைப் பொதுவான ஒப்புதலோடு கலந்து வைத்திருப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாமா என்று கேளுங்கள். நாங்கள் போன ஒரு மையத்தின் படிவத்தில் வங்கி விவரத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், பிள்ளையின் உடல்நிலைக்கு ஒரே ஒரு வரி. அதைப் பார்த்ததுமே அந்த இடத்தின் அக்கறை எதில் என்று தெரிந்துவிட்டது.

4. செலவு: எங்கே செய்யலாம், எங்கே வேண்டாம்

முதல் இரண்டு மாதத்துக்குத் தேவையானது ஒரு நேரான கம்பு, வழுக்காத விரிப்பு, லேசான ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை), அடி தட்டையான காலணி. கம்புக்குத் துடைப்பக் கம்பே போதும். பேண்டை ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சின்ன வெடிப்பு இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். ரப்பர் ஒவ்வாத பிள்ளைக்கு லேட்டெக்ஸ் கலக்காத பேண்ட் கிடைக்கும்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது நல்ல பயிற்சியாளரிடம் சில தனி வகுப்புகள். அடிப்படை அசைவுகளை அவர் சரிசெய்து கொடுத்தால் மீதியை வீட்டில் தொடரலாம். மாதக்கணக்கில் தனி வகுப்பு எடுக்கத் தேவையில்லை. வருடச் சந்தாவில் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். பிள்ளையின் ஆர்வம் மூன்றாவது வாரம் கால்பந்துக்குத் தாவும் வாய்ப்பு நிறைய இருப்பதால் மாதக் கட்டணமே மலிவு.

பெரியவர்களுக்கான ஜிம் இயந்திரங்கள் இன்னொரு பொறி. இருக்கையும் கைப்பிடியும் பெரியவர்கள் அளவுக்குச் செய்தவை, பிள்ளையின் முட்டியும் தோளும் சரியான இடத்தில் வந்து நிற்காது. தலையணை வைத்து உயர்த்திச் சமாளிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம்.

வீட்டில் டம்பெல் வாங்கினால் வைக்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எடைகளால் வரும் காயங்களில் பெரும்பாலானவை தூக்கும்போது வருவதில்லை. எடை காலில் விழுவதும், விரல் நடுவில் மாட்டிக்கொள்வதும்தான் காரணம். அலமாரி மேல் வைக்காதீர்கள், தரையோடு பூட்டி வையுங்கள். பயிற்சி செய்யும் பிள்ளையைவிட, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கையின் மேல் கண் வையுங்கள். வீட்டில் டிரெட்மில் இருந்தால் அதன் பாதுகாப்புச் சாவியைக் கழற்றித் தனியாக வைப்பதும் இதே கணக்கில் சேரும்.

5. முதல் மாதம்: எடை கிடையாது

இந்த மாதத்தை அவசரப்பட்டுத் தாண்டுகிறவர்கள்தான் பின்னால் வலி என்று வந்து நிற்கிறார்கள். ஆறு அசைவுகள் போதும்: உட்கார்ந்து எழுவது, இடுப்பில் மடங்குவது, தள்ளுவது, இழுப்பது, தூக்கிக்கொண்டு நடப்பது, உடம்பை விறைப்பாகப் பிடித்து நிற்பது.

உட்கார்ந்து எழுவதற்கு, பின்னால் ஒரு தாழ்வான நாற்காலி போடுங்கள். பிட்டம் நாற்காலியை லேசாகத் தொட்டதும் எழ வேண்டும். குதிகால் தரையை விட்டு எழும்பினால் பாதங்களைக் கொஞ்சம் அகட்டி, நாற்காலி மேல் ஒரு தடித்த புத்தகத்தை வையுங்கள். ஆழம் குறைந்ததும் குதிகால் இறங்கிவிடும். புத்தகத்தை எடுப்பதற்குச் சில வாரம் ஆகலாம். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் "முட்டி சுண்டுவிரலைப் பார்க்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். "முதுகு நேரா, மார்பு மேல, முட்டி வெளியே, மூச்சு விடு" என்று ஒரே மூச்சில் அடுக்கினால் பிள்ளை எதையும் கேட்காது. ஒரு தடவைக்கு ஒரு திருத்தம்தான்.

இடுப்பில் மடங்குவதுதான் சொல்லிக்கொடுக்கக் கடினம். கீழே கிடப்பதை எடுக்கச் சொன்னால் எல்லாரும் முதுகை வளைக்கிறோம். கம்பைப் பிள்ளையின் முதுகோடு செங்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, முதுகெலும்பின் அடிமுனை என்று மூன்று இடத்தில் அது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முட்டியை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் சுவரை நோக்கித் தள்ளச் சொல்லுங்கள். கம்பு எந்த இடத்தில் விலகுகிறதோ அந்த இடத்தில் முதுகு வளைந்துவிட்டது, அதோடு நிறுத்திக்கொண்டு மேலே வரலாம். என் மகளுக்குக் கம்பு எப்போதும் தலையிலிருந்துதான் விலகும், கண்ணாடியில் தன்னைப் பார்க்கத் தலையைத் தூக்கிவிடுவாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்ததும் சரியானது.

தள்ளுவதற்குத் தண்டாலைத் தரையில் தொடங்க வேண்டாம். சுவரில் கை வைத்து, பிறகு மேசை, பிறகு தாழ்வான பெஞ்சு என்று இறங்கி வாருங்கள். மேசை நகராமல் இருக்கிறதா என்று நீங்கள் முதலில் சாய்ந்து பாருங்கள். இழுப்பதற்குப் பேண்டை உறுதியான தூணில் கட்டலாம். கதவில் கட்டினால் யாராவது மறுபக்கத்திலிருந்து திறந்துவிடுவார்கள். நடப்பதற்கு இரண்டு பைகளில் புத்தகம் போட்டுக் கொடுத்தால் போதும், தோள் காதுக்கு ஏறாமல் நடக்க வேண்டும். விறைப்பாகப் பிடிப்பதற்குப் பிளாங்க், அதாவது முன்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி பிடிப்பது, 10 முதல் 20 வினாடி. இடுப்பு தொய்ந்த உடனே நிறுத்திவிடுங்கள், நேரத்தை நீட்டுவதில் பெருமை இல்லை.

மூச்சை அடக்கிக்கொள்வது பிள்ளைகளிடம் சகஜம். "மூச்சு விடு" என்று சொல்வதைவிட, சத்தமாக எண்ணிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். எண்ணுகிற வாய் மூச்சை அடக்க முடியாது.

6. ஒரு நாள், ஒரு வாரம்

வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. மொத்தம் அரை மணி நேரம். முதல் 5 முதல் 10 நிமிடம் ஓடிப் பிடிப்பது, குதிப்பது, கரடி நடை (கையையும் காலையும் ஊன்றி நடப்பது) போன்ற உடல் சூடேற்றம். பிறகு அசைவுகள், ஒவ்வொன்றும் 8 முதல் 15 தடவை, ஒன்று அல்லது இரண்டு செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்). கடைசியில் கொஞ்சம் தளர்த்தல். பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி இருந்த நாளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் நீச்சல், மதியம் கபடி, மாலையில் தண்டால் என்று ஒரே நாளில் குவிக்காதீர்கள்.

வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் வேண்டாம். வெயில் உச்சியிலும் வேண்டாம். தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

7. எடையைக் கூட்டுவது

இரண்டு செட், 15 தடவை, கடைசித் தடவையும் முதல் தடவை மாதிரியே அழகாக வந்தால், அதுவும் அடுத்தடுத்த இரண்டு வகுப்பில் வந்தால் கூட்டலாம். ஒரு தடவைக்கு 5 முதல் 10 சதவீதம்தான்.

இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. 2 கிலோ டம்பெலுக்கு அடுத்தது 3 கிலோ என்று கடையில் வாங்குவோம். அது 10 சதவீதம் இல்லை, 50 சதவீத ஏற்றம். அதனால் சின்ன எடைகளில் நேராக அடுத்ததுக்குத் தாவாமல், எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இறங்கும் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது கால் கிலோ, அரைக் கிலோ சேர்க்கக்கூடிய கருவி வாங்குங்கள். வாங்கினால் திருகுகளை ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் முறுக்கிப் பாருங்கள்.

ஒரு நோட்டில் தேதி, அசைவு, எடை, எண்ணிக்கை, பிள்ளை எப்படி உணர்ந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பயிற்சியாளர் மாறினாலும் மருத்துவரிடம் போனாலும் இந்த நோட்டுதான் பேசும்.

சுமார் 8 வாரத்தில் வலிமை கூடுவது தெரியும். ஆனால் பருவமடையாத பிள்ளைக்குத் தசை புடைக்காது. அந்த வயதில் வலிமை கூடுவதற்குக் காரணம், நரம்புகள் இருக்கிற தசையை நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதுதான். கை சுற்றளவை டேப் வைத்து அளந்து பிள்ளையை ஏங்கவைக்காதீர்கள்.

8. உயரம் எகிறும் காலம்

பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதிலும் பையன்களுக்குச் சுமார் 14 வயதிலும் வளர்ச்சி வேகமெடுக்கும், ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே ஆகலாம். அப்போது கைகால் திடீரென்று நீண்டுவிடுவதால் நேற்று வரை அழகாக வந்த அசைவு தடுமாறும். பிள்ளை சோம்பேறி ஆகிவிட்டது என்று திட்டாதீர்கள். மாதம் ஒரு முறை சுவரில் கோடு போட்டுப் பாருங்கள், கோடு வேகமாக ஏறினால் எடையைக் குறைத்து மறுபடி கம்புக்குப் போங்கள். முட்டிக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி, குதிகாலின் பின்பக்கம் வலி இரண்டும் இந்த வயதுகளில் வருபவை. குதிப்பதைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

9. எந்த வலிக்கு என்ன செய்வது

மறுநாள் இரண்டு தொடையும் ஒரே மாதிரி இழுத்துப் பிடித்து, இரண்டு மூன்று நாளில் போய்விட்டால் அது சாதாரணம். மூட்டில் வலி, ஒரு பக்கம் மட்டும் வலி, வீக்கம், நொண்டல், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இவை இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலோ, பயிற்சிக்குப் பிறகு கடும் தசை வலியோடு சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனாலோ, அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். "வலியைத் தாங்கினால்தான் பலம்" என்று சொல்லும் பயிற்சியாளரை மாற்றிவிடுங்கள்.

10. பவுடர் கேட்பார்கள்

கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்குப் புரதப் பவுடர் தேவையில்லை. தசை வலிமைக்கு என்று விற்கும் கிரியேட்டினை 18 வயதுக்குக் கீழே குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. தசையைப் பெருக்க எடுக்கும் அனபாலிக் ஸ்டீராய்டு பேச்சே வரக் கூடாது. உயரம் நின்றுவிடும் என்று எடையைப் பார்த்துப் பயந்தோமே, வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடச்செய்வது உண்மையில் இந்த மருந்துதான். பதின்ம வயதுப் பிள்ளை ஜிம்முக்குத் தனியாகப் போகத் தொடங்கியதும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், அங்கே வேறு யாராவது பேசுவதற்கு முன்.

பவுடருக்குக் கொடுக்கும் காசைவிடத் தூக்கம் அதிகம் செய்யும்: 6 முதல் 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம்.

11. நடுவில் நின்றுபோனால்

தேர்வு, காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று ஏதாவது வரும். சில வாரம் விட்டால் சேர்த்த வலிமை மெல்லக் குறையும், திரும்பச் செய்தால் திரும்பி வரும். காய்ச்சல் இருக்கும்போதும், விட்ட கையோடும் தொடங்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் நோட்டில் கடைசியாக எழுதிய எடையில் பாதியைப் போட்டு, முதல் வகுப்பில் ஒரே ஒரு செட் செய்யவையுங்கள். "போன தடவை இதைவிட அதிகமா தூக்கினேனே" என்று பிள்ளை சண்டைக்கு வரும். இரண்டு வாரம் பொறுத்தால் பழைய எடைக்கு வந்துவிடலாம் என்று நோட்டிலேயே தேதி போட்டுக் காட்டுங்கள், பெரும்பாலும் சமாதானம் ஆகிவிடும்.